கருகல் வாடை

தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்றுதான், விஜயலக்ஷ்மி விழுந்ததைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

அன்று மயிலாப்பூரில் அவளுடைய சித்தப்பா பெண்ணுக்கு வளைகாப்பு. வெயில் தாழ்ந்த பிறகு அவளும், கணவன் கல்யாணராமனும், கைக்குழந்தை கபாலியுமாக ஒரு ஜட்காவில் மேற்கு மாம்பலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். லஸ் முனையைத் தாண்டியபோது குழந்தை சிணுங்கியது. "இப்படிக் குடு, நான் வெச்சுக்கறேன்" என்று கல்யாணராமன் வாங்கி மடியில் போட்டுக்கொண்டான். அது நல்லதாகப் போயிற்று. எதிரே வந்த மோட்டார் ஹாரன் அடித்ததில் குதிரை மிரண்டு முன்னங்கால்களைத் தூக்கியது. வண்டி பின்பக்கமாகச் சாய, ஓரத்தில் உட்கார்ந்திருந்த விஜயம் மல்லாக்க ரோட்டில் விழுந்தாள். பின்மண்டை கல்லில் மோதிய சத்தம் வண்டிக்குள்ளிருந்த கல்யாணராமனுக்குக் கேட்டது.

வண்டிக்காரர் ஷரீஃப் குதிரையை ஒருவழியாக அடக்கிவிட்டு ஓடிவந்தார். "ஐயையோ, இன்னா ஆச்சும்மா? சாமி, நீ கொயந்தய கெட்டியா புட்ச்சிக்க. யாராச்சும் தண்ணி எட்தாங்கப்பா!"

ரத்தம் அதிகம் இல்லை. கண்ணைத் திறந்தவள் முதலில் குழந்தையைத்தான் கேட்டாள். அது அப்பாவின் மேல்துண்டைச் சப்பிக்கொண்டிருந்தது.

தலைவலியும் வாந்தியும் அடங்கச் சில நாள் ஆயிற்று. அந்த நாளெல்லாம் அவளைத் தாங்கியவள் கல்யாணராமனின் தமக்கை வேம்பு. சின்ன வயதிலேயே கணவனை இழந்து பிறந்தகம் வந்தவள், தாயில்லாத தம்பியைத் தாயாக இருந்து வளர்த்தவள். வாய் சற்றுத் துடுக்கு. ஆனால் உடம்புக்கு முடியாதவர்களைப் பார்த்துக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தலைவலி தாங்காமல் விஜயம் முனகியபோதெல்லாம் நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் உள்ளங்கையில் தேய்த்து மூக்கருகே காட்டுவாள். சுரீரென்று ஏறும், கண்ணில் நீர் கொட்டும். தலை கொஞ்சம் லேசாகும்.

எழுந்து உட்கார்ந்த முதல் நாள் காலையில் வேம்பு காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். விஜயம் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது? தித்திப்பா இருக்கு, கசக்கறது. காப்பியைக் காணோமே?"

வேம்புவின் முகம் சுருங்கியது. "அதே பொடி, அதே டிகாக்ஷன். உன் ஆத்துக்காரன் ரெண்டு டம்ளர் குடிச்சுட்டுத்தான் ஆபீஸுக்குக் கிளம்பினான்."

படுத்துக் கிடந்த வாய் என்று நினைத்து விஜயம் சமாதானம் செய்துகொண்டாள். பிறகு குழந்தையை எடுத்தாள். கபாலியின் கழுத்து மடிப்பில் ஒரு வாசனை உண்டு. பாலும் வசம்பும் வியர்வையும் கலந்து, கடைசியில் இவை எதுவுமாக இல்லாமல், அவனுக்கென்றே அமைந்த வாசனை. இருட்டில் ஊர்க் குழந்தைகளையெல்லாம் வரிசையாகப் படுக்கவைத்தாலும் என் பிள்ளையை எடுத்துவிடுவேன் என்று அவள் பெருமை அடித்துக்கொண்டதுண்டு. அந்த மடிப்பில் முகத்தைப் புதைத்து ஆழமாக இழுத்தாள். மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வந்தது. அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று இருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்ததும், நெய் காய்ந்து கறுத்ததும் கவனக்குறைவு என்ற கணக்கில் போயின. ரசத்தில் புளிப்பு தெரிந்தது, உப்பு தெரிந்தது, காரம் தெரிந்தது. ரசம் மட்டும் தெரியவில்லை. வெயில் ஏறிய ஒரு நாள், மத்தியானம் மிஞ்சிய கீரைக்கூட்டை இரவு சாப்பாட்டில் பரிமாறினாள். ஒரு கவளம் வாயில் வைத்த கல்யாணராமன் எழுந்து ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தான்.

"ஊசிப்போயிருக்கு! கரண்டியை எடுக்கறச்சேயே நாறறதே, உனக்குத் தெரியலையா?"

"தெரியலை. எனக்கு ஒரு வாசனையும் தெரியலை. விழுந்ததுலேர்ந்தே."

அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி மூக்கருகே நீட்டினான். "என்ன இது?" என்றான். அவள் தலையை ஆட்டினாள். சந்தனம் நீட்டினான், மண்ணெண்ணெய் நனைத்த துணியை நீட்டினான். எல்லாவற்றுக்கும் அதே தலையாட்டல்.

பார்த்துக்கொண்டிருந்த வேம்பு உள்ளே போய் நவச்சாரத்தைத் தேய்த்துக்கொண்டு வந்து நீட்டினாள். விஜயம் துள்ளிப் பின்வாங்கினாள். கண்ணில் பொலபொலவென்று நீர்.

"பார்த்தியாடா? தெரியறது! பேஷாத் தெரியறது!" என்றாள் வேம்பு. "சமையல்ல மனசு இல்லேன்னா அப்படிச் சொல்லிட்டுப் போலாமே. மூக்கு மேல ஏன் பழியைப் போடணும்?"

அது எரிகிறதே தவிர வாசனை இல்லை என்று விஜயம் சொல்லிப் பார்த்தாள். எரிச்சலுக்கும் வாசனைக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த வார்த்தையில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணராமன் கை கழுவப் போனான். மாசக்கணக்கில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுபோயிற்று. விஜயம் கண்ணால் சமைக்கக் கற்றுக்கொண்டாள். குழந்தையைக் கொஞ்சும்போது மூச்சை இழுப்பதை விட்டுவிட்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தபோது மூக்கில் ஏதோ வந்து தட்டிற்று. விஜயத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாசனை! வாணலியின் மேல் குனிந்து ஆவலோடு இழுத்தாள்.

மயிர் கருகுகிற நாற்றம். அதனடியில் அழுகிய உருளைக்கிழங்கு. குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. வாணலியை இறக்கிவைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள்.

அன்றோடு வந்தது வினை. சாதத்தில் அதே நாற்றம். மல்லிகைப் பூவில், விளக்கெண்ணெயில், துவைத்து உலர்த்திய புடவையில் எல்லாம் அதே கருகல். சில சமயம் முன்னால் ஒன்றுமே இல்லாதபோதும் காற்றில் வந்து நின்றது. தயிர்சாதத்தை ஆறவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினால்தான் வயிற்றில் தங்கியது. வளையல்கள் முழங்கை வரை ஏறின.

குழந்தையிடமும் அதுதான். அவனைப் பாலுக்கு எடுக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாயால் மூச்சுவிட்டாள். கபாலி அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பான். ஒரு தடவை அவன் உச்சந்தலை மூக்கில் பட, தாங்க முடியாமல் குமட்டினாள். கதவருகே நின்ற வேம்பு அதைப் பார்த்துவிட்டாள்.

"பெத்த குழந்தையைப் பார்த்தா ஓங்கரிக்கறவளை எங்கேயாவது கண்டதுண்டா?" என்று அன்று மாலை தம்பியிடம் பொருமினாள். "அந்த ரோட்டுல ஏதோ அடிச்சிருக்கு, சொல்லிட்டேன்."

தாயத்து வந்தது. வேப்பிலை வந்தது. கல்யாணராமனுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றாலும் தடுக்கவில்லை. அவனுக்கு வேறு புண். மின்சார ரயிலில் கூட்டத்தோடு இடிபட்டு வந்து, குளித்து, விபூதி பூசிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். கார்பாலிக் சோப்பு வாங்கிவந்து தேய்த்துக்கொண்டான். அன்று அவள் எழுந்தே போய்விட்டாள்.

"என்கிட்ட அப்படி என்னதான் நாத்தம்? சொல்லேன்" என்று கேட்டான். குரலில் கோபத்தைவிட அவமானம் அதிகம் இருந்தது.

"உங்ககிட்ட இல்லை. எல்லாத்துலயும். தண்ணியில கூட."

"தண்ணிக்கு ஏது வாசனை?" என்றான். மறுநாளிலிருந்து கூடத்தில் பாயை விரித்துக்கொண்டான்.

தை மாதத்து ஒரு சனிக்கிழமை. வேம்பு குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டி, உள்ளறையில் தொங்கிய தூளியில் போட்டாள். தூங்கிப்போனான். தணல் இருந்த தூபக்காலை அங்கேயே தரையில் வைத்துவிட்டு, ஈரத்துணிகளை அலசக் கிணற்றடிக்குப் போனாள். தூளியின் நுனி தொங்கி, தணலுக்கு மேல் ஆடிக்கொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை.

விஜயம் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கருகல் வந்தது. அது வராத வேளை எது? அதைச் சட்டை செய்யாமல் வேலை பார்க்க அப்போதுதான் பழகியிருந்தாள். சற்று அதிகமாக வந்ததுபோல் இருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அரிசியை உலையில் போட்டாள்.

குழந்தை வீறிட்டதும் வேம்பு கிணற்றடியிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்ததும் ஒரே சமயம். விஜயம் அறைக்குள் நுழைந்தபோது புகை கண்ணை மறைத்தது. தூளித் துணி கீழிருந்து எரிந்துகொண்டிருந்தது. வேம்பு வெறுங்கையால் துணியைப் பிடுங்கி இழுக்க, விஜயம் குழந்தையை வாரிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். குழந்தையின் இடது காலில், பாதத்திலிருந்து கெண்டைக்கால்வரை தோல் உரிந்திருந்தது.

"அடுத்த அறையில இருந்துண்டு உனக்குத் தெரியலையாடி?" என்று வேம்பு அலறினாள். "தெரு முழுக்கப் புகை வந்துடுத்தே! நீ தாயா, பேயா?"

விஜயத்தின் பார்வை அறைக்குள் கிடந்த தூபக்காலின் மேல் ஒரு கணம் நின்றது. வேம்பு அதைக் கவனித்தாள். ஆனால் விஜயம் ஒன்றும் சொல்லவில்லை. தணல் யாருடையதாக இருந்தால் என்ன, அந்த நாற்றத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு துரத்தியவள் அவள்தானே.

ராயப்பேட்டையில் டாக்டர் குலாம் முகம்மது குழந்தையின் காலுக்கு மருந்து போட்டுக் கட்டினார். காய்ச்சல் விட்ட பிறகு கட்டு மாற்றக் கொண்டுபோயிருந்த ஒரு நாள், அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "வீட்ல ஆள் இருக்கும்போது இவ்வளவு தூரம் எப்படிம்மா எரிய விட்டீங்க? துணி கருகுற வாடை வந்திருக்குமே?"

"அதைக் கேளுங்கோ டாக்டர்" என்றாள் வேம்பு. அவள் இரண்டு கைகளிலும் கூடக் கட்டு இருந்தது.

விஜயம் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்கு எப்பவும் கருகல் வாடைதான் டாக்டர். இப்போ உங்க மருந்துலயும் அதுதான் வரது."

டாக்டரின் கை நின்றது. "தலையில எப்பவாவது அடி பட்டுதா?"

கல்யாணராமன் வண்டி சாய்ந்ததைச் சொன்னான். அதன்பின் அவர் ஒன்றொன்றாகக் கேட்க, விஜயம் ஒன்றொன்றாகச் சொன்னாள். காணாமற்போன காப்பி, ரசம், மழைநாளில் திரும்பி வந்த நாற்றம். இத்தனை மாதத்தில் அவள் சொன்னதை இடைமறிக்காமல் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"மூக்கோட உச்சியில, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல, காசு அகலத்துக்கு ஓர் இடம் இருக்கு" என்றார் டாக்டர். "நாம மூச்சு இழுக்கும்போது வாசனை அங்கதான் போய்ப் படியுது. அங்கிருந்து முடியைவிட மெல்லிசா நரம்புங்க கிளம்பி, சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கிற ஓர் எலும்புக்குள்ள புகுந்து மூளைக்குப் போகும். பின்மண்டையில அடி பட்டா மூளை குலுங்கும். அந்தக் குலுக்கல்ல நரம்பெல்லாம் சல்லடை ஓட்டையில அறுந்துடும். நாக்குக்கு உப்பு, புளிப்பு, தித்திப்பு, கசப்புதான் தெரியும். மத்த ருசியெல்லாம் தொண்டை வழியா மூக்குக்குப் போய்த்தான் தெரியுது. அதான் காப்பி காணாமப் போச்சு."

"அறுந்தது அறுந்ததுதானே? அப்புறம் எப்படி நாத்தம் வரது?" என்றான் கல்யாணராமன்.

"சில பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்புது. எப்படித் திரும்புதுன்னு எங்களுக்கே சரியாத் தெரியாதுங்க. ஆனா பழைய இடத்துக்கே போய்ச் சேருதான்னு சொல்ல முடியல. தந்தி ஆபீஸ்ல கம்பியை மாத்திக் கட்டிட்டா கல்யாணச் சேதி சாவுச் சேதியாப் போய் இறங்கும் இல்லையா? அப்படி வெச்சுக்குங்க."

வேம்பு விடவில்லை. "நவச்சாரம் காமிச்சேனே, கண்ணுல தண்ணி வந்துதே?"

"அது எரிச்சல்மா. அதுக்கு வேற நரம்பு. கண்ணுல மிளகாய் பட்டாக்கூடத்தான் எரியுது, கண்ணுக்கு வாசனை தெரியுமா? இந்த அம்மா பொய் சொல்லல."

விஜயத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்யாணராமன் அவள் பக்கம் திரும்பினான், ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வேம்பு கேட்டுவிட்டாள்.

"அப்போ நாளைக்கே மறுபடி ஆத்துல தீப்பிடிச்சாலும் இவளுக்குத் தெரியாது. அப்படித்தானே டாக்டர்?"

டாக்டர் குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரியாதும்மா."

அவளைக் காப்பாற்றிய வார்த்தையே அவளைக் கவிழ்த்தும் விட்டது. அந்த வாரமே வேம்பு குழந்தையோடு மயிலாப்பூரில் தன் மாமா வீட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. கால் ஆறும்வரைக்கும் என்றார்கள். விஜயம் மறுத்துப் பேசவில்லை. மறுக்கத் தனக்கு என்ன யோக்கியதை என்றுதான் நினைத்தாள். கிளம்பும்போது கபாலி வேம்புவின் தோளிலிருந்து அவளைப் பார்த்துக் கையை நீட்டினான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக வலித்தது. பிறகு வலியும் போய், பாலும் வற்றிவிட்டது. கல்யாணராமன் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தான். "நீயும் வரியா?" என்று முதல் தடவை கேட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் அப்புறம் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு வந்து சொன்னான். "நடக்க ஆரம்பிச்சிருக்கான். அந்தக் காலைக் கொஞ்சம் சாய்ச்சு வைக்கறான்."

மறுநாள் அவன் ஆபீஸுக்குப் போனதும் விஜயம் சாதம் வடிக்க அடுப்பைப் பற்றவைத்தாள். கருகல் வந்தது. பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சட்டென்று எழுந்து வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். உள்ளறை, கூடம், கொல்லை, விறகு அடுக்கிய இடம். எங்கும் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி வந்தது. மறுபடி எழுந்து போய்ப் பார்த்தாள். நாலைந்து முறை அப்படிப் போய்வந்த பிறகு, அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். அதுவரை அவள் தனியாகப் பஸ் ஏறியதில்லை.

மாமா வீட்டு ரேழியில் வேம்பு குழந்தையின் காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கபாலி நிமிர்ந்து பார்த்தான். யாரோ வந்திருக்கிறார்கள் என்பதுபோல் பார்த்துவிட்டு வேம்புவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

விஜயம் அங்கேயே உட்கார்ந்தாள். "குழந்தையை அழைச்சுண்டு போக வந்திருக்கேன் அக்கா. நீங்களும் வரணும்."

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கலை. எனக்குத் தெரியாதுதான். ஆனா நாள் பூரா கருகல் வரது. இனிமே வரபோதெல்லாம் எழுந்துபோய்ப் பார்க்கறேன். நூறு தடவை வந்தா நூறு தடவை. அன்னிக்கு நான் எழுந்துக்கலை, அதான் தப்பு. அதை இல்லேன்னு சொல்ல வரலை." வேம்புவை நிமிர்ந்து பார்த்தாள். "தூபக்காலை அங்க வெச்சது நீங்க. அதையும் இல்லேன்னு சொல்ல முடியாது."

வேம்புவின் எண்ணெய்க் கை அப்படியே நின்றது. உள்ளங்கையில் தீப்பட்ட தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"நீ எப்போ அதைச் சொல்லுவேன்னுதான் தினம் பார்த்துண்டிருந்தேன்" என்றாள் வேம்பு மெதுவாக. "டாக்டர்கிட்ட சொல்லுவியோன்னு நினைச்சேன். நீ சொல்லலை. அப்போதான் எனக்கு இன்னும் ஆத்திரமா வந்தது." முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். குழந்தையும் மிரண்டு அழ, விஜயம் அவனைத் தூக்கிக்கொண்டாள். அவன் திமிறினான். இரண்டு கையாலும் அவள் முகத்தைத் தள்ளினான். அவள் விடவில்லை. அவன் தலையிலிருந்து அந்த நாற்றம் குப்பென்று ஏறியது. மூக்கைத் திருப்பாமல் அப்படியே இருந்தாள். குமட்டலை விழுங்கிக்கொண்டு இருந்தாள்.

அன்று மாலை மூவரும் மாம்பலம் திரும்பினார்கள். கபாலி அவளிடம் ஒட்டிக்கொள்ள வெகுநாள் பிடித்தது. சொன்னபடியே விஜயம் ஒவ்வொரு தடவையும் எழுந்து பார்த்தாள். சாப்பாட்டின் நடுவில் எழுந்தாள், பூஜையின் நடுவில் எழுந்தாள். அக்கம்பக்கத்தில் அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வேம்பு அவர்களோடு சண்டைக்குப் போனாள்.

வருஷங்கள் போகப் போக நாற்றத்தின் கடுமை குறைந்தது. பெருங்காயம் ஏறக்குறையப் பெருங்காயமாக வந்தது. சந்தனம் வந்தது. காப்பி வரவே இல்லை. பிள்ளையின் தலையை முகர்ந்தால் குமட்டாத காலமும் வந்தது. ஆனால் அதற்குள் அவன் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற பையனாகிவிட்டான். அவனிடம் இருந்தது எல்லாப் பையன்களிடமும் இருக்கிற வெயிலும் புழுதியும்தான்.

கல்யாணராமனுக்கும் அவளுக்கும் நடுவில் பழைய நெருக்கம் முழுதாகத் திரும்பவில்லை. அவள் தள்ளி உட்கார்ந்த நாட்களை அவனால் புரிந்துகொள்ள முடிந்தது, மறக்க முடியவில்லை. ஒரு மாலை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் முகம் மாறுவதைப் பார்த்தான். அவள் எழுவதற்குள் அவனே எழுந்து போனான். உள்ளறை, சமையலறை, கொல்லை எல்லாம் பார்த்துவிட்டு வந்தான்.

"ஒண்ணுமில்லை. நான் பார்த்துட்டேன். நீ உட்காரு."

விஜயம் நன்றியோடு அவனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துதான் இருந்தாள். பிறகு எழுந்து, தானும் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவன் தன் பக்கத்தில் அவள் உட்கார இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.